சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி

சென்னைப் பன்னாட்டு விமான நிலையத்தையும் பலாலியிலுள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையத்தையும் இணைக்கும் வான்வழி இது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ. இரு நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருப்பதால் வழி நேர் தெற்காகச் செல்கிறது. தமிழகக் கரைக்குக் கிழக்கே கடல்மேல் பறந்து, கோடிக்கரையை வலப்புறம் விட்டுப் பாக்கு நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை வந்துவிடும்.

இவ்வழியில் பறக்கும் ஏடிஆர் 72 வகை விமானம், சுழல்விசிறிகளால் இயங்குவது; மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லும். அக்கணக்குப்படி 45 நிமிடங்கள் போதும். ஆனால் அட்டவணையில் பயண நேரம் ஒன்றேகால் மணி அளவில் இருக்கிறது. நிறுத்துமிடத்திலிருந்து கிளம்புவது முதல் மறுமுனையில் நிற்பது வரையான நேரமே அட்டவணையில் இடம்பெறுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, புறப்பாட்டு வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய வழிகளில் இந்தக் கூடுதல் நேரம் தூரத்துக்கேற்பக் குறைவதில்லை. திருச்சி – யாழ்ப்பாணம் சுமார் 185 கி.மீ.தான், சென்னை வழியில் பாதி. பயண நேரமோ ஒரு மணியை ஒட்டியே இருக்கிறது. இலங்கை 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பியதால், பயணிகள் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்தது. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கிய முதல் சேவையே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். பின்னர் அத்தொடர்பு அறுந்தது. உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் பலாலி படைத்தளமாகவே இருந்தது. அக்காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டியவர் ஏறத்தாழ 650 கி.மீ. பறந்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கவில் இறங்கி, பாதை திறந்திருந்தால், மேலும் 400 கி.மீ. அளவு வடக்கே திரும்பி வர வேண்டும். 355 கி.மீ. ஆயிரத்தைத் தாண்டியது, ஒரு மணி நேரப் பயணம் ஒரு முழு நாளைத் தின்றது. இவ்வழியின் வரலாற்றில் தூரத்தைவிட முக்கியமான அளவை இந்த நேரமே. மரணச் செய்தி கேட்டுக் கிளம்பும் உறவினருக்கு அந்த ஒரு நாள் மிகப் பெரிது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து முறையான சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற விமானங்கள் 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் பறந்தன. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சேர்ந்துகொண்டது.

வடகிழக்குப் பருவமழை இரு கரைகளையும் ஒரே காலத்தில் தாக்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் நாட்களில் தாமதங்களையும் இரத்துகளையும் எதிர்பார்க்க வேண்டும். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் சாலைவழி சுமார் 16 கி.மீ.