கண்ணாடித் தொட்டியில் கடல்நீர்

நீரிலும் கரையிலுமாக வாழும் நண்டை வீட்டில் வளர்க்க முற்படுவோருக்கு முதலில் நேரும் சங்கடம் நீரைப் பற்றியதே. நண்டு இரையைப் பிய்த்துத் தின்னும் பிராணி. அது சிந்தும் துணுக்குகள் கல்லிடுக்கிலே தங்கி அழுகுகின்றன. அது ஏறி அமர்வதற்குக் கரை விடவேண்டியிருப்பதால் தொட்டியில் நீரும் சொற்பமாகவே இருக்கிறது. சொற்ப ஜலத்தைக் கெடாமல் காக்கும் வித்தையை மேல்நாட்டார் கற்றுத் தேற ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்கள் சிலவற்றை லண்டனுக்குக் கொணர்ந்த அன்னா தின் என்னும் சீமாட்டியின் இல்லத்தில், பணிப்பெண் ஒருத்தி நாள்தோறும் திறந்த சாளரத்தருகே நின்று, பால் ஆற்றுவது போல அக்கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம், அரைமணி நேரமும் அதற்கு மேலும் ஆற்றினாள். காற்று நீரில் கலந்தது, உயிர்கள் பிழைத்தன.

கைவருத்தமின்றி இதனைச் சாதிக்க வழி கண்டவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரஸாயன சாஸ்திரி. 1849-இல் அவர் 12 காலன் நீரில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டையும் சேர்த்து வைத்தார். மீன் விடும் கரியமில வாயுவைப் பூண்டு ஏற்றுப் பிராணவாயுவைத் திருப்பித் தந்தது. ஆயினும் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று, பாசியும் படர்ந்தது. அவர் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்தன. அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு ஆகாரமாயின. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்போதே நீர் நிலைத்த தூய்மை பெறுகிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

1845-இல் கண்ணாடி வரி ஒழிந்து கண்ணாடி மலிந்திருந்தமையாலும், 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டதாலும், மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலார் இத்தகைய தொட்டிகளைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததாலும், இத்தொட்டிகள் இல்லந்தோறும் புகுந்தன. அவற்றுள் பல விரைவில் நாறின. இங்கிலாந்துக் கரைநண்டின் நடத்தையைக் கூர்ந்து நோக்கினால் நீரின் கேடு முன்னரே புலப்படும்: பிராணவாயு குறையும்போது அது மேட்டுக்கு ஏறி, உடலின் முன்புறத்தை நீருக்கு மேலே உயர்த்தி, செவுளறையில் நீரோடும் திசையையே மாற்றிக் காற்றை உள்ளிழுத்து, எஞ்சிய நீரினூடே குமிழிகளாகச் செலுத்துகிறது.

இக்கேட்டைத் தவிர்க்க முயன்ற வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் என்பவர், ஹாம்பர்க் நகரிலும், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸிலும் அமைத்த காட்சிச் சாலைகளில், இருண்ட பெருந்தேக்கம் ஒன்றில் மிகுதியான நீரை நிறுத்தி, அந்நீரையே இயந்திரத்தால் இடைவிடாது சுழற்றினார். நீர் தெளிந்தது; ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. அழுகலிலிருந்து பிறக்கும் அம்மோனியா, பளிங்கு போன்ற நீரிலும் நஞ்சாகக் கரைந்து நிற்கும். 1877-இல் பிரான்ஸ் தேசத்தில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணக்கல்லும் நிறைந்த குழாயினூடே மெல்ல வடியவிட்டனர். சில வாரங்கள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. பின்னர் அது நைட்ரேட்டாக மாறலாயிற்று. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. மாற்றியவை உயிர்களே என்பது தெளிவாயிற்று. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற சாஸ்திரி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார்.

ஆதலின் இன்று நண்டு வளர்ப்போர், எஞ்சிய இரையை அன்றன்றே அகற்றுவதோடு, அந்நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வடிகட்டி மணலைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். நுண்ணுயிர்கள் குடியேறும் அவ்வாரங்கள் கழியும்வரை பொறுத்திருந்தபின்பே நண்டை விடவேண்டும். ஓர் உயிரை இல்லத்துக்கு அழைப்பவர், அதன் கழிவை ஏற்கும் உயிர்களுக்கு முன்னதாகவே இடமளிக்கக் கடமைப்பட்டவர்.