பழம்பொருளும் பயன்மாற்றமும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு பொருள் எவ்வாறு செய்யப்பெற்றது என்பதை நம் இலக்கியங்களும் கல்வெட்டுகளும் பலபடக் கூறும். அப்பொருள் தேய்ந்து பழையதான பின்னர் இல்லத்தார் அதனை என் செய்தனர் என்பதோ பெரும்பாலும் கூறப்படாது. வரலாற்றாசிரியரும் கலம் வனைந்த குயவரைத் தேடுவர். உடைந்த கலத்தை மற்றொரு பணிக்கு ஆக்கிய கைகளைத் தேடுவார் சிலரே. பழைய வீட்டுப் பொருளை வேறொரு பயனுக்கு ஆக்கிக்கொள்ளும் வழக்கத்தை ஈண்டுப் 'பயன்மாற்றம்' எனக் குறிப்போம். அவ்வழக்கத்தின் வரலாற்றை, கள்ளக்குறிச்சி வட்டாரத்தையும் அதனை அடுத்து உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும் சிறப்பாக நோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குரிய சான்றுகள் மூவகைப்படும். அவை அகழாய்வில் கிடைத்த பொருள்களும், இலக்கியக் குறிப்புகளும், மக்கள் வழக்கில் நிற்கும் சொற்களும் ஆம். இம்மூன்றனுள் சொற்களே பெரிதும் புறக்கணிக்கப்பட்டன. ஆதலின் அவற்றினின்றே தொடங்குவோம்.

படிநிலைப் பெயர்கள்

தமிழர் இல்லத்தில் ஒரு பொருள் ஒரே நாளில் குப்பையாவதில்லை. அது படிப்படியாக இறங்குகின்றது. இறங்கும் படிதோறும் வேறு பெயர் பெறுகின்றது. உடுத்து நைந்த நூற்புடவை பிள்ளைக்குத் தூளியாகும். இதனை ஏணை என்றலும் உண்டு. தூளிக்கும் ஆகாவிடத்துச் சுருட்டப்பெற்றுத் தலைச்சுமைக்குச் சும்மாடாகும். பின்னர் அடுப்பங்கரையில் சூடான கலத்தை இறக்கும் கரித்துணியாகும். பழைய பருத்தி வேட்டியோ கிழிக்கப்பெற்று விளக்குத் திரியாகும். தூளி, சும்மாடு, கரித்துணி, திரி என்னும் இந்நான்கு பெயர்களும் ஒரே துணியின் வெவ்வேறு பருவங்களைக் குறித்து நிற்றல் காண்க.

தேய்ந்த துடைப்பம் கட்டை விளக்குமாறு என வேறு பெயர் பெற்று, வீட்டகத்தை விட்டு வாயிலுக்கும் தொழுவத்திற்கும் செல்லும். உடைந்த பானையின் அகன்ற ஓடு, பயறும் கடலையும் வறுத்தற்குரிய வறையோடாகும். தேங்காய்ச் சிரட்டை காம்பு செருகப்பெற்று அகப்பையாகும். பின்னல் விட்ட முறத்தின் இடுக்குகள் ஊறிய காகிதமும் வெந்தயமும் சேர்த்தரைத்த கூழால் அடைக்கப்பெறும். வெந்தயத்தின் பசைத்தன்மை காகிதத்தைப் பிணிக்கும். அதன் கைப்பு பூச்சியை விலக்கும் என்பர். அதுவும் தேய்ந்தபின் அம்முறம் சாணமும் குப்பையும் அள்ளும் பழமுறமாகும். பொருளின் ஒவ்வொரு படிக்கும் பெயர் உண்டெனின், அப்படிக்குரிய செயல் தற்செயலானதன்று, நிலைபெற்றதொரு வழக்கே எனத் துணியலாம். எப்போதோ ஒருமுறை நிகழ்வதற்கு மக்கள் தனிப்பெயர் இடுவதில்லை.

நன்னூல் நூற்பாவும் போகியும்

இவ்விடத்து ஒரு தடை எழுப்பலாம். பழையன கழிய வேண்டும் என்பதன்றோ தமிழர் கொள்கை, போகி நாளில் அதன்படியன்றோ பழம்பொருளை எரிக்கின்றோம் என்பாரும் உளர். இதற்குச் சான்றாக அவர் காட்டுவது நன்னூலின் இறுதி நூற்பா. பவணந்தியார் அதனைப் பாயையும் துடைப்பத்தையும் கருதிச் செய்யவில்லை. அது சொல்லதிகாரத்தின் புறனடை. காலப்போக்கில் பழஞ்சொல் வழக்கொழிதலும் புதுச்சொல் வழக்கேறலும் குற்றமாகா என்பதே அதன் கருத்து. இலக்கண அமைதியை இல்லத்துப் பொருளுக்கு ஏற்றியது பிற்காலத்தார் செயலேயாகும்.

மேலும், மொழியிலும் பழையன யாவும் கழிந்தொழிவதில்லை. திருக்குறளில் சூதாடும் இடத்தைக் குறித்த 'கழகம்' என்னும் சொல் பின்னர் அறிஞர் அவையையும், இருபதாம் நூற்றாண்டில் அரசியல் இயக்கத்தையும் குறிப்பதாயிற்று. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று அதன் மறுதலையைக் குறிக்கின்றது. பழைய சொல் எறியப்படாது புதுப் பணிக்கு ஆக்கப்பெற்றமையை இவை காட்டும். சொற்களும் பயன்மாற்றம் பெறுவன என்பது இதனால் போதரும்.

போகியில் எரிக்கப்பெற்றனவும் பெரும்பாலும் கிழிந்த பாயும் கட்டைத் துடைப்பமும் போன்றவை. அஃதாவது கடைசிப் படியையும் கடந்தவை. வீட்டில் சாம்பலும் வீணாவதில்லை. அது கலம் துலக்கவும் எருவாகவும் உதவும். இந்நாளில் உருளிப்பட்டையும் நெகிழியும் எரிக்க வேண்டாவென மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுதற்குக் காரணம், எரிக்கப்படும் பொருள் மாறியமையே.

ஓடும் சில்லும்

பயன்மாற்றத்தின் தொன்மைக்கு உறுதியான சான்று அகழாய்வில் உள்ளது. 2014ஆம் ஆண்டு முதல் ஆராயப்பெற்று வரும் கீழடியில், உடைந்த மட்கலத்தின் ஓடுகளை வட்டமாகத் தட்டித் தேய்த்துச் செய்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பிற பழைய வாழ்விடங்களிலும் இத்தகையன காணப்பெறுகின்றன. இவை விளையாட்டுச் சில்லுகள் என்பது ஆய்வாளர் கருத்து. கட்டம் கீறிப் பாண்டி ஆடும் சிறுமியர் இன்றும் ஓட்டுச் சில்லையே தேடி எடுப்பர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே உடைந்த கலத்திற்கு இரண்டாவது வாழ்வு உண்டாயிருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

ஈண்டு மற்றொன்றும் நோக்கத்தக்கது. மட்கலங்களின் மேல் உரியவரின் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பெற்றிருத்தலைக் கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் காண்கின்றோம். கலத்துக்கு உரியவர் பெயர் ஆராயப்பட்டது, நூல்களில் இடம்பெற்றது. அக்கலம் உடைந்தபின் அதன் ஓட்டைத் தேய்த்துச் சில்லாக்கிய சிறுவர்க்குப் பெயரில்லை. பயன்மாற்றம் வரலாற்றில் இடம்பெறாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்: அது பெண்டிரும் சிறாரும் பணியாளரும் செய்த தொழில்.

சிதாரும் கந்தையும்

இலக்கியத்திற்கு வருவோம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் தொழிலாளருள் துணி தைக்கும் துன்னகாரரையும், தோலின் துன்னரையும், துணியையும் நெட்டியையும் கொண்டு பல பொருள் செய்வாரையும் ஒருங்கே எண்ணுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆய்மகள் பானையைச் சுமட்டின்மேல் வைத்துச் செல்கின்றாள். அச்சுமடே இன்றைய சும்மாடு. செய்யும் பொருள் மாறினும் பணியும் பெயரும் தொடர்ந்து வருதல் வியக்கத்தக்கது.

எனினும், இலக்கியம் ஒட்டுப்போட்ட துணியைப் போற்றியது என்று கொள்ளுதல் பிழையாகும். பொருநராற்றுப்படையில் வரும் பொருநனின் உடை, வேர்வையில் நனைந்து, ஈரும் பேனும் இருந்து, வேற்று நூலால் தைக்கப்பெற்ற சிதார். கரிகாலன் முதற்கண் செய்த உதவி அதனை நீக்கிப் பாம்பின் தோல் அன்ன நுண்ணிய புத்துடை அளித்தமையாகும். புறநானூற்றுப் புலவர் சிலரும் தம் கிழிந்த உடையைக் கூறிப் புரவலன் அதனைக் களைந்தமையைப் பாடினர். ஆகவே இரவலர்க்குச் சிதார் வறுமையின் அடையாளம். அது நீங்குதலே வாழ்வு. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியும் கந்தையைப் புகழ்ந்ததன்று. கந்தையுடுத்தானின் மானத்தைக் காத்தது.

இச்சொல்லின் உறவு வங்கத்தில் வேறு வகையாக வளர்ந்தது. வடமொழியில் ஒட்டுத்துணியைக் குறிக்கும் 'கந்தா' என்னும் சொல்லே தமிழில் கந்தையாயிற்று. வங்காளத்தில் அது 'காந்தா' எனப்பெற்றது. அங்குப் பெண்டிர் பழம்புடவைகளை அடுக்கித் தைத்து, புடவைக் கரையினின்று உருவிய வண்ண நூலால் பூவும் பறவையும் இழைத்துப் போர்வை செய்தனர். கவிஞர் ஜசீமுத்தீன் அதனை நடுவாகக் கொண்டு 1929ஆம் ஆண்டில் ஒரு நெடும்பாட்டு வெளியிட்டார். இன்று அது அருங்காட்சியகப் பொருள். ஒரே சொல், ஓரிடத்துக் கலையின் பெயராகவும் மற்றோரிடத்து இகழ்ச்சியின் பெயராகவும் நிற்றல் எண்ணத்தக்கது. பழந்துணியைத் தைத்த கை இரண்டிடத்தும் உண்டு. அதனைக் கலையென ஏற்று எழுதிவைத்தார் அங்கே இருந்தனர்.

சமவெளியும் மலையும்

கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகி, 2019இல் தனி மாவட்டமாயிற்று. சமவெளியில் சந்தை அணித்து. குயவர், கொல்லர், பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்போர் ஆகியோர் கைக்கு எட்டுவர். மலையில் அந்நிலை இல்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தமிழ் பேசுவோர்; காஞ்சியினின்று வந்தோம் என்பது அவர்தம் மரபு. 1906ஆம் ஆண்டுத் தென்னார்க்காட்டு மாவட்டக் குறிப்பேட்டில் பிரான்சிசும், 1909ஆம் ஆண்டு நூலில் தர்ஸ்டனும் அவர்களைப் பற்றி எழுதினர். அவ்வெழுத்துகளில் வந்த வரலாறும் மணமுறையுமே முதன்மை பெறும்.

மலைவாழ்நர் பலர் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்போரின் மூன்று சாகீர்களின் கீழ் வாழ்ந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழிந்து, 1976இல்தான் இச்சாகீர்கள் அரசின்பால் வந்தன. சாலையும் பள்ளியும் அதன் பின்னரே மெல்ல வந்தன. உப்பும் துணியும் இரும்பும் வேண்டின் கால்நடையாகக் கீழே இறங்க வேண்டிய மக்கள், முற்றிய சுரையைக் குடைந்து நீருக்கும் விதைக்கும் குடுக்கை செய்தமையும், மூங்கில் தொம்பையின் பூச்சு உதிருந்தோறும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிச் சாமையையும் தினையையும் காத்தமையும் இயல்பேயாம். இம்மலைக்கு வடக்கே செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், குறவர் தேறலை மூங்கிற் குழாயில் விளைவித்தமையைக் கூறும். மலையில் கிடைப்பதையே கலமாக்கும் அறிவு தொன்மையது என்பதற்கு அது சான்று.

இவ்வறிவைப் போற்றுங்கால் ஒன்றை மறத்தலாகாது. மலையார் பழம்பொருளை எறியாமை திறத்தின் விளைவு மட்டுமன்று; சந்தையும் கூலியும் எட்டாமையின் விளைவும் ஆகும். வறுமையைப் பண்பாடென்று புகழ்தல் ஆகாது; பண்பாட்டை வறுமையென்று இகழ்தலும் ஆகாது. ஒரே செயலில் இரண்டும் கலந்து நிற்கும். அவற்றைப் பிரித்துக் காண்பதே வரலாற்றாசிரியன் கடன்.

முடிவுரை

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. புதிது செய்யும் கலைக்கு உரிய சிறப்பு அது. பழையதைப் புதுப் பணிக்கு ஆக்கும் கலைக்கு அத்தகைய ஏடு எதுவும் இல்லை. அதன் ஏடு சொற்களே. 2021ஆம் ஆண்டு இறுதியில் தமிழக அரசு தொடங்கிய இயக்கத்திற்கு 'மீண்டும் மஞ்சப்பை' எனப் பெயரிட்டமை, திருமண வீட்டுத் தாம்பூலப் பையைப் பன்முறை எடுத்தாண்ட வழக்கத்தின் நினைவேயாகும். ஒரு பெயர் வழக்கில் நின்றமையால் ஒரு செயலை மீட்க முயல முடிந்தது. பெயர் மறைந்தவற்றை எவ்வாறு மீட்பது?

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்திற்கும், பின்னர்க் கண்மணி குணசேகரன் நடுநாட்டிற்கும் சொல்லகராதி தொகுத்தனர். அவர்கள் காட்டிய நெறியில் முதுகலை மாணவர் செய்யத்தக்க பணி இது: தம் இல்லத்து மூதாட்டியரிடம் ஒரு முறத்தையோ புடவையையோ பானையையோ காட்டி, அது தேயுந்தோறும் என்னென்ன பெயர் பெறும், அப்படிதோறும் யார் கைக்குச் செல்லும் என வினவி எழுதுக. அங்ஙனம் எழுதின், அரசரும் அறக்கொடையும் நிறைந்த நம் வரலாற்றில், உடைந்த ஓட்டைத் தேய்த்துச் சில்லாக்கிய கைக்கும் ஓர் இடம் உண்டாகும்.