பேச்சுக்குப் பட்ட கடன்

சினிமா விமர்சனத்தின் சரித்திரத்தை அச்சில் வந்த கட்டுரைகளை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். இன்ன வருஷம் இன்ன பத்திரிகை, இன்னாருடைய கட்டுரை என்று அது வளர்ந்துகொண்டு போகிறது. அந்தக் கட்டுரைகளுக்கு முன்னால் ஓயாமல் நடந்திருந்த பேச்சு கணக்கில் வருவதேயில்லை. பேச்சு காற்றோடு போய்விடுகிறது என்பது ஒரு காரணம். பேச்சையும் சிந்தனையாக மதிக்கும் வழக்கம் எழுதுகிறவர்களிடம் இல்லை என்பது இன்னொன்று.

2020-ன் அனுபவம் இந்த மனோபாவத்தை மறுபரிசீலனை செய்யவைக்கிறது. தியேட்டர்கள் மூடிக் கிடந்த அந்த வருஷத்தில், சினிமாவைப்பற்றி யோசிப்பது என்கிற காரியம் பெரும்பாலும் பேச்சினால்தான் உயிர்தரித்தது. பாட்காஸ்ட் என்கிற ஒலித்தொடர்களில் விருந்தாளிகளாக வந்து பேசிவிட்டுப் போனவர்களுக்கு, அறைகளில் தனித்துக் கிடந்த பலரும் பட்டிருக்கும் கடன் சிறிதல்ல. அது எத்தகைய கடன் என்று பார்க்க வேறொரு கெட்ட காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1942-43 குளிர்காலம். பாரிஸ் ஜெர்மானியர் வசம். அமெரிக்க, ஆங்கிலப் படங்களுக்குத் தடை. ஆந்த்ரே பஸான் என்ற இளைஞர், மாணவர்களுக்கான ஓர் இல்லத்தில் ஒரு சினிமா கிளப்பை ஆரம்பிக்கிறார். ஆசிரியராக வேண்டும் என்று படித்தவர். திக்குவாயின் காரணமாக வாய்மொழித் தேர்வில் தவறி, அந்த வாழ்க்கை வாய்க்காமல் போனவர். பேச்சு தடுமாறுகிறவர் என்று பள்ளிக்கூடம் தள்ளிவைத்த மனிதர், பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டு அதைப்பற்றிப் பேசுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். விடுதலைக்குப் பிறகு தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் அமைப்புகளிலும் அதே காரியத்தைச் செய்தார். மார்ஸல் கார்னேயின் 1939-ம் வருஷப் படமான 'லெ ஜூர் ஸெ லேவ்' பற்றி அவர் எழுதியதைப் படித்தால், பல கூட்டங்களில் பல தரப்பட்ட மனிதர்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் பதிலைக் கேட்டு, மறுபடி கேட்டுத் தேறிய எழுத்து என்பது தெரியும். பஸானுடைய கட்டுரைகளின் நிதானம் எழுதும் மேஜையில் மட்டும் உண்டானதல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஆக்கிரமிப்புக் கால பாரிஸின் அந்த அறையில் எவருக்கும் விற்பதற்கு எதுவும் இல்லை. படம் பழையது, எடுத்தவர் எங்கோ. படம் ஓட வேண்டும் என்ற கவலையோ, ஓடக்கூடாது என்ற வன்மமோ அங்கு கிடையாது. சினிமாவைப்பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பகுதி எப்போதும் விளம்பரத்தைச் சேர்ந்தது. அந்த வியாபாரம் நின்றுபோகும் நாட்களில்தான் படம் எப்படி ஆனது என்று கேட்க நேரம் கிடைக்கிறது.

1948-ல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பஸானைத் தேடி வருகிறான். தானும் ஒரு சினிமா கிளப் நடத்துகிறவன். பஸானுடைய திரையிடலும் அவனுடையதும் ஒரே நேரத்தில் நடப்பதால் கூட்டம் பிரிகிறது, நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவன் வழக்கு. பையன் பெயர் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ. சில வாரங்களுக்குள் கிளப்பின் கடன்கள் காரணமாக அவன் சிறார் காப்பகத்தில் அடைபட்டபோது அவனை வெளியில் கொண்டுவர முயன்றவர் பஸான். பின்னால் ராணுவச் சிறையிலிருந்து மீள உதவித் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தவரும் அவரே. சண்டை போட வந்தவனோடு தொடங்கிய பேச்சு பத்து வருஷம் நடந்தது. த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பை 1958 நவம்பர் 10-ல் தொடங்கினார். மறுநாள் பஸான் இறந்தார், நாற்பது வயதில். '400 அடிகள்' அவர் நினைவுக்குச் சமர்ப்பணமாயிற்று. சமர்ப்பண வரி தெரிந்தது, பேச்சு தெரியவில்லை.

தன் இளைய நண்பர்களின் ஹிட்ச்காக் பக்தி பஸானுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனாலும் 1954-ல் ஹிட்ச்காக் தென் பிரான்சில் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, மொழிபெயர்ப்பாளர் துணையோடு போய்க் கேள்விகள் கேட்டுவந்தார். அந்தப் பேச்சை வேறு திசையில் முடிக்கிறவர்போல, 1962 ஆகஸ்ட் 13 அன்று, ஹிட்ச்காக்கின் பிறந்தநாளில், யூனிவர்ஸல் ஸ்டுடியோவில் த்ரூஃபோ உட்கார்ந்தார். ஹிட்ச்காக் வியாபாரம் அறிந்தவர். பேட்டி கொடுத்தே பழகியவர். சொன்ன கதைகளையே திருப்பிச் சொல்லக்கூடியவர். ஆனால் த்ரூஃபோ குழந்தைப் பருவத்தில் தொடங்கி மௌனப் படங்கள் வழியாக ஒவ்வொரு படமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நாள் கணக்கில் நீளும் அத்தகைய விசாரணையில், விற்க வேண்டிய புதுப்படம் ஐம்பதில் ஒன்றாகச் சிறுத்துவிடுகிறது. கெட்ட காலம் தானாகச் செய்ததை இங்கே கேள்வியின் பொறுமை செய்தது.

1966-ல் பிரெஞ்சில் வந்த புத்தகத்தில் இரண்டு குரல்கள் மட்டுமே உண்டு. பல வருஷங்கள் கழித்து, 1999-ல், அந்த ஒலிநாடாக்கள் பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பானபோது மூன்றாவது குரல் கேட்டது. இருவருக்கும் நடுவே இரு மொழிகளையும் சுமந்த ஹெலன் ஸ்காட்டின் குரல். அவர் இல்லையென்றால் பேச்சே இல்லை. முகப்புப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதன் அர்த்தம் நாடாவைக் கேட்டபின்தான் விளங்குகிறது. அச்சு எதைச் சுத்தம்செய்து அகற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி 2020. மார்ச் மாதத்திலேயே படப்பிடிப்புகள் நின்றன. திரைக்கு வர இருந்த படங்கள் தள்ளிப்போயின. மே மாதத்துக் கான் விழா வழக்கமான முறையில் நடக்கவில்லை. ஏப்ரல் 7 அன்று ழான்-லுக் கோதார் ஸ்விட்ஸர்லாந்தில் தன் வீட்டில் உட்கார்ந்து, லோஸான் கலைப்பள்ளியில் சினிமாத் துறைக்குப் பொறுப்பாக இருந்த லியோனெல் பாயேயோடு பேசினார். வயது 89, கையில் சுருட்டு. இன்ஸ்டாகிராமில் நேரலையாக ஒன்றரை மணிநேரம். வைரஸும் ஒருவகைச் செய்தித்தொடர்புதான் என்று தொடங்கி, மொழி, ஓவியம், செய்திப்படங்கள் என்று அலைந்த பேச்சு. பஸான் பத்திரிகையின் இளம் விமர்சகர்களில் ஒருவராக எழுதத் தொடங்கியவர், ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, மறுபடியும் விற்க ஒன்றுமில்லாத ஒரு பேச்சுக்கு வந்து சேர்ந்தார். 2022 செப்டம்பரில் அவர் இறந்தார். அந்தப் பேச்சு இருக்கிறது.

அதே 2020-ல் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸும் அவர் மனைவி ஜேம்ஸும் 'டீம் டீகின்ஸ்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். இங்கே விருந்தாளிகள் இயக்குநர்களும் நடிகர்களும் மட்டுமல்லர். எடிட்டர், கலை இயக்குநர், ஒலிக்காரர் என்று, பேட்டி எடுக்க யாரும் தேடிப்போகாத ஆட்கள் வந்தார்கள். ஒரு விளக்கை எங்கே வைத்தோம், ஏன் வைத்தோம் என்பதை அவசரமில்லாமல் சொன்னார்கள். படைப்பாளி என்ற ஒற்றை நாற்காலியைச் சுற்றி விமர்சனம் கட்டிய கோட்டை இந்தச் சாதாரண விவரங்களால் இளகியது. சித்தாந்தம் செய்ய முடியாததைத் தொழில் தெரிந்தவர்களின் பேச்சு செய்தது.

எல்லாப் பேச்சும் உயர்ந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. வியாபாரம் திரும்பியதும் விளம்பரமும் திரும்பியது. பாட்காஸ்ட் விருந்தாளிகளில் பலர் மறுபடியும் புதுப்படத்தைக் கையில் ஏந்தி வந்தார்கள். ஆகவேதான் அந்த ஒரு வருஷத்துப் பேச்சைத் தனியாக எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. நாடாக்கள் பத்திரமாக இருந்ததால் ஹெலன் ஸ்காட்டின் குரல் நமக்குக் கிடைத்தது. இன்று எல்லாமே பதிவாகிறது என்பது ஒரு மயக்கம். சேமித்திருக்கும் கம்பெனி கடையைக் கட்டினால் பதிவும் போய்விடும்.

வந்து பேசியவர்களுக்கு நன்றி சொல்வதென்றால், கேட்டவர்கள் அதை எழுதிவைக்க வேண்டும்: யார் கேட்டது, யார் சொன்னது, எந்த நாள், இடையில் யார் மொழிபெயர்த்தது என்ற விவரங்களோடு. அறைகளில் பேசிப் பேசியே பத்திரிகை நடத்திய நமக்கு, அப்படி எழுதிவைக்காமல் போனதன் நஷ்டம் எவ்வளவு என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.