புள்ளி வைத்தவள்

சாத்தான்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு முந்தைய வாரம் சுண்ணாம்பு அடிப்பார்கள். நசுக்கிய பனைமட்டைதான் தூரிகை. ஏணி வைத்து அடிக்கும் சுவர் ஆண்களுக்கு. அடிச்சுவரின் காவிப் பட்டையும் திண்ணையும் வாசலும் பெண்களுக்கு. ஆச்சி வாசலில் புள்ளி வைக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்று பார்ப்பார்கள். தாத்தா இறந்தபின் அவள் வாசலில் கோலமாவைத் தொடவில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத வழக்கம் அது. துக்கம் கழிந்ததும் வாசலுக்குக் கோலம் திரும்பி வந்தது, போட்டது என் அம்மா. வீட்டின் துக்கத்துக்கு ஒரு கெடு இருந்தது. ஆச்சியின் துக்கத்துக்கு இல்லை.

தென்னாப்பிரிக்காவின் என்டெபெலே பெண்களைப் பற்றிப் படித்தபோது இந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது. மண்ணும் சாணமும் குழைத்துச் சுவர் பூசி, அதன்மேல் ஓவியம் தீட்டுவது அங்கே பெண்களின் வேலை. தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்வாள். முன்பு விரலாலும் மண் நிறங்களாலும் வரைந்தார்கள், பிறகு கடைச் சாயங்கள் வந்தன. நகரத்து வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போன பெண்கள் அங்கே பார்த்த மின்விளக்கையும் மாடிப்படியையும் தங்கள் சுவர்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகாய விமானமும் சவர பிளேடும்கூட அந்தச் சுவர்களில் உண்டு.

1883இல் டச்சு வழிவந்த போயர்களிடம் என்டெபெலே தலைவர் நியாபெலா சரணடைந்தார். நிலம் பறிபோனது. மக்களை ஐந்தாண்டுக் கூலிகளாகப் பிரித்து வெள்ளையரின் பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். சிதறிப்போனவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண உதவிய ரகசிய மொழி இந்த ஓவியம் என்று பலர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் ஒரு செய்தி ஒளிந்திருந்தது என்பதை நான் அவ்வளவாக நம்பவில்லை. அடுத்தவன் பண்ணையில் கூலியாக இருந்தவள், இது எங்கள் சுவர் என்று எல்லோருக்கும் தெரியும்படி வரைந்தாளே, அதில் ரகசியம் எங்கே இருக்கிறது?

நிறவெறி அரசுக்கு அந்தச் சுவர்கள் பிடித்திருந்தன. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டியது. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தாயகம் என்று சொல்லி மக்களைப் பிரித்த கொள்கைக்கு இதைவிட அழகான விளம்பரம் கிடைக்குமா? என்டெபெலே மக்களுக்கென்று குவாண்டெபெலே என்ற தாயகத்தையும் உருவாக்கியது. அங்கே 1984இல் நடந்த தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. எந்தப் பெண்களின் சுவர் அந்த இனத்தின் முகமாக அஞ்சலட்டையில் அச்சானதோ, அந்தப் பெண்களுக்குத்தான். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1988இல் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எஸ்தர் மஹ்லாங்கு கோழி இறகால் பாரிஸ் கண்காட்சிக்கு வரைந்ததையும் (1989), பி.எம்.டபிள்யூ. காருக்கு வண்ணம் தீட்டியதையும் (1991) உலகம் அறியும். வாக்குக்காக வழக்காடிய பெண்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

நம் ஊரிலும் கோலத்தைத் தமிழர் பண்பாடு என்று மேடையில் புகழ்கிறார்கள். 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலத்தோடு எழுதினார்கள். காவல்துறை அவர்களைப் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்து பிறகு விட்டது. அரிசிமாவுக்கு அவ்வளவு பயம். மறுநாள் தூத்துக்குடி எம்.பி. கனிமொழியின் சென்னை வீட்டு வாசல் உட்படப் பல வாசல்களில் அதே கோலம் வந்தது. மாவு அதே மாவு, வாசலும் அதே வாசல். மங்கலம் என்று சொல்லும்வரை விட்டார்கள், கருத்து சொன்னதும் வண்டியில் ஏற்றினார்கள்.

ஆச்சி கருத்து எதுவும் எழுதியவள் இல்லை. சாயங்காலங்களில் பின்வாசல் கிணற்றடியில் குந்தியிருந்து, ஈரமண்ணில் விரலால் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்ப்பாள். சரியாக வராவிட்டால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடியும் வைப்பாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா அதைப் பார்த்து எண்ணிக்கொள்வாள். விடிந்ததும் அந்தக் கோலம் முன்வாசலில் இருக்கும். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அம்மாவின் கையைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.