புதுப் பலகைக்குப் பழைய அரக்கு



அலமாரி, கபோர்டு கதவு என்று எங்கும் இப்போது எம்.டி.எஃப் பலகைதான். மேல்பக்கத்தில் பெயிண்ட் அழகாக நிற்கிறது. அறுத்த விளிம்போ எத்தனை கை அடித்தாலும் குடித்துவிடுகிறது. மழைக்காலத்தில் உப்பியும் போகிறது. காரணம் அந்தப் பலகை பிறந்த கதையில் இருக்கிறது.

1924-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், லாரல் என்ற ஊரில், வில்லியம் மேசன் என்பவர் மர ஆலைகளில் வீணான சில்லுகளை அதிக அழுத்த நீராவியில் வைத்து, சட்டென்று திறந்துவிட்டார். மரம் வெடித்து நாராயிற்று. அதைச் சூட்டில் அழுத்தக் கெட்டிப் பலகை கிடைத்தது. மரத்திலுள்ள லிக்னினே பசையானது. 1960-களில் அமெரிக்காவில் உலர்ந்த நாருடன் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் சேர்த்து அழுத்தினார்கள். எம்.டி.எஃப் வந்தது.

அழுத்தும்போது மேல்பரப்பு நன்றாக இறுகும். நடுப்பகுதி சற்றுத் தளர்வாக இருக்கும். அறுத்தால் வெளியே தெரிவது அந்த நடுப்பகுதி. தண்ணீர் பட்டால் நசுக்கிய நார் விரியும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் விளிம்புக்கு முதல் பூச்சு தண்ணீரில் கலந்ததாக இல்லாமல் இருப்பது நல்லது.

இங்கேதான் நம் அரக்கு உதவுகிறது. மகாபாரதத்தின் அரக்கு மாளிகையை நாம் அறிவோம். புரசு, இலந்தை மரக் கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பழங்குடி மக்கள் இன்றும் அதைச் சேகரிக்கிறார்கள். 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் சின்சர் அரக்கை வெளுத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். வினைல் வரும்வரை கிராமபோன் தட்டுகளும் அரக்கில்தான் செய்யப்பட்டன. மேசன் பலகை செய்த அதே 1924-ல்தான் ராஞ்சி அருகே நாம்கும்மில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிப்பார்கள். ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகிவிடும், நார் உப்பாது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து ஒரு கை அடித்து, காய்ந்தபின் லேசாகத் தேய்த்து இன்னொரு கை அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்தால் நிற்கும். ஓயாமல் ஈரம் படும் இடத்துக்கு இதுவும் போதாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எம்.டி.எஃப் வேண்டாம்.

இது அழகுக்காக மட்டும் அல்ல. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. பலகையிலிருந்து அது மெல்லக் கசியும். மூடாத விளிம்பில் கசிவு அதிகம். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம், அடிப்பக்கம், துளைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். வாங்கும்போது இ-1 அல்லது இ-0 தரமா என்று கேளுங்கள். தேய்ப்பவர் முகக்கவசம் போடட்டும்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெயிண்டர் அவசரப்பட்டால், விளிம்புக்கு மட்டும் தனியாக ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். அந்தக் கூலி வீண் போகாது.