தோலை இழுத்துப் பார்த்தவர்கள்

கலைப்பீடத்துக்காரருக்கு இழையமும் விசையும் எதுக்கு எண்டு கேட்பீர்கள். நாங்கள் கதைக்க வந்தது வரலாற்றைத்தான். மனித உடம்பு எவ்வளவு இழுபடும் என்று அளந்தவர்களின் வரலாறு. அளக்கப்பட்ட உடம்புகளின் வரலாறும்.

இழுக்கிற விசை இரட்டித்தால் வில்லின் நீட்சியும் இரட்டிக்கும் என்று 1678இல் ஹூக் எழுதினார். ஓ.எல். படிக்கேக்க எல்லோரும் மனப்பாடம் செய்ததுதானே. ஆனால் வெர்தைம் என்ற பௌதிகவியலாளர் இறந்தவர்களின் தசை, நரம்பு, நாடி, நாளம் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து 1847இல் வெளியிட்ட முடிவுகளில் அந்த நேர்கோடு வளைந்துவிட்டது. மென்மையான இழையம் முதலில் இலகுவாக நீளும், போகப்போக இறுகும். காதுமடலை இழுத்துப் பாருங்கோ, விளங்கும்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது தோலின் கதை. பாரிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டுப்புய்ட்ரென், குத்தூசியால் தன்னைத்தானே குத்திக்கொண்ட ஒருவரின் காயங்களைப் பார்த்தார். ஊசி உருண்டை, காயமோ நீளக்கீறல். 1861இல் வியன்னாவில் கார்ல் லாங்கர் இறந்த உடல்களின் தோலில் உருண்டை ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனார். துளைகள் எல்லாம் கீறலாகி, வரிசை வரிசையாக ஓடின. தோல் எல்லாத் திசைக்கும் ஒரேமாதிரி இழுபடாது என்பதற்கு அது சாட்சி. அந்தக் கோடுகளை ஒட்டி வெட்டினால் தழும்பு சிறிதாகும் என்று சத்திரசிகிச்சை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். உயிருள்ளவரின் முகத்தில் அவை எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை என்பது வேறு கதை.

கோடுகளுக்கு லாங்கரின் பெயர். குத்துப்பட்ட தோலுக்கு உரியவர்களுக்குப் பெயரே இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் வெட்டுமேசைக்கு யார் வந்தார்கள்? இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தால் போதும். ஏழைகள் விடுதியிலும் வைத்தியசாலையிலும் செத்து, கேட்க ஆளில்லாமல் கிடந்த உடல்களை உடற்கூற்றுக் கூடங்களுக்குக் கொடுக்க அது வழிவிட்டது. அதற்கு முன்னர் தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளுக்கு விதித்த தண்டனை, பிறகு ஏழையாகச் செத்தவர்களின் பங்காயிற்று. சட்டத்தை எழுதியவர்கள் இதைச் சீர்திருத்தம் என்றே சொன்னார்கள்.

நூறாண்டு கழித்து, விமானப் பொறியியலில் பெயரெடுத்த வை.சி. ஃபங் இந்தத் துறைக்குள் வந்தார். தாயின் கண்நோய்தான் அவரை உடலியல் பக்கம் திருப்பியது. 1967இல் முயலின் குடலைத் தாங்குகிற மெல்லிய மென்சவ்வை இழுத்து, அந்த வளைகோட்டுக்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். இழையத்தைப் பலமுறை இழுத்து இழுத்து விட்டால்தான் கோடு நிலைக்கு வரும், பிறகுதான் அளவெடுப்பார்கள். முதல் இழுவையின் கோடு பெரும்பாலும் கணக்கில் வராது.