ஆத்துல போட்டாலும் அளந்து போடு

மக்களே, கையில காசு இல்லாதவன் படுற கஷ்டம் நமக்கெல்லாம் அத்துப்படி. அதுக்குத் தனியா ஒரு பதிவு தேவையில்லை :-) ஆனா கையில அளவுக்கு மீறிக் காசு வச்சிருக்கிறவனுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. "இதை வச்சு என்னத்த வாங்குறது?" என்பதுதான் அது. சிரிக்காதீங்க, பல ஆயிரம் பேரோட வேலை அந்தக் கேள்விக்கு வர்ற பதில்ல தொங்கிக்கிட்டு இருக்கும்.

மென்பொருள் விக்கிற கம்பெனியில காசு ஏன் இப்படிக் குவியுது? ஒரு தடவை எழுதி முடிச்சுட்டா, அடுத்த கோடி பிரதிக்குப் பெருசா செலவே கிடையாது. மைக்ரோசாப்ட் கதை அதுதான். 2004-ல் பங்குக்கு 3 டாலர் வீதம், மொத்தம் சுமார் 3,200 கோடி டாலரைப் பங்குதாரர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அப்படியும் கஜானா காலியாகலை.

இப்ப 2007-க்கு வருவோம். அந்த வருஷம் ஏப்ரலில், இணைய விளம்பரத் தொழிலில் இருந்த டபுள்கிளிக் கம்பெனியை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. அடுத்த மாசமே மைக்ரோசாப்ட் அதே தொழிலில் இருந்த ஏகுவான்டிவ் கம்பெனியைப் பிடித்தது. விலை சுமார் 600 கோடி டாலர். பக்கத்து வீட்டுக்காரன் பட்டுப்புடவை எடுத்துட்டான்னு, அளவு, நிறம் எதுவும் பாக்காம கடைக்கு ஓடுற கதைதான்.

வாங்கின மூட்டைக்குள்ள ரேசர்ஃபிஷ் என்ற விளம்பர ஏஜென்சியும் இருந்தது. மென்பொருள் கம்பெனிக்கு விளம்பர ஏஜென்சி எதுக்கு? 2009-ல் பிரான்ஸின் பப்ளிசிஸ் குழுமத்துக்கு அதை வித்தாச்சு. 2012 ஜூலையில் 620 கோடி டாலர் போனது போனதுதான்னு கணக்கில் எழுதினார்கள். 1986-ல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகு மைக்ரோசாப்ட் நஷ்டம் காட்டின முதல் காலாண்டு அது. அடுத்த வருஷம், மிச்சமிருந்த அட்லஸ் என்ற விளம்பரத் தொழில்நுட்பப் பிரிவு ஃபேஸ்புக் கைக்குப் போனது.

இதே காலகட்டத்தில் இன்னொரு காசுக்காரர் என்ன செய்தார்னு பாருங்க. 2008 ஏப்ரலில் ஆப்பிள், பி.ஏ. செமி என்ற சின்ன சிப் கம்பெனியை வாங்கியது. ஆட்கள் சுமார் 150 பேர், விலை 27.8 கோடி டாலர். வேடிக்கை என்னன்னா, அந்தக் கம்பெனி விற்ற சிப் ஆப்பிளுக்கு எதுக்கும் ஆகாது. அது பவர்பிசி வகை. ஆப்பிளோ பவர்பிசியை விட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக 2005-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் எதுக்கு வாங்கினாங்க? ஆளுங்களுக்காக. கம்பெனியை ஆரம்பித்த டான் டாபர்பூல், டெக் நிறுவனத்தில் ஆல்பா, ஸ்ட்ராங்ஆர்ம் சிப்களை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். மின்சாரத்தைக் கம்மியாக் குடிக்கிற சிப் செய்வது அந்தக் குழுவுக்குக் கைவந்த கலை. ஐபோனுக்குத் தேவைப்பட்டது அதேதான், ஏன்னா அப்ப அதுக்குள்ள இருந்தது சாம்சங் செய்த சிப். இடிஞ்ச வீடா இருந்தாலும் பரவாயில்லை, கிணத்துல தண்ணி இருக்கான்னு பாத்து மனை வாங்குற ஆளு ஆப்பிள். 2010-ல் ஏ4 சிப் வந்தது. அந்த வழியிலேயே போய் 2020-ல் எம்1 வந்து, மேக் கணினிகளும் இன்டெலை விட்டு விலகத் தொடங்கின.

அப்ப சின்னதா வாங்கினா நல்லது, பெருசா வாங்கினா ஆபத்து என்று சொல்லலாமா? அதுவும் இல்லைங்க. 2016-ல் லிங்க்ட்இன்னை மைக்ரோசாப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஏகுவான்டிவைப் போல நாலு மடங்குக்கும் மேல! ஆனா அலுவலக வேலை செய்றவங்கதான் ஏற்கெனவே அவங்க வாடிக்கையாளர். வாங்கின பிறகு அதைத் தனியா ஓடவும் விட்டாங்க. 2021 நிதியாண்டில் லிங்க்ட்இன்னின் வருமானம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆக, விலையை விட, எதுக்காக வாங்குறோம் என்பதுதான் மேட்டர். தேவைக்கு வாங்குறது ஒரு வகை, பயத்துல வாங்குறது இன்னொரு வகை.

பயத்துல வாங்கினதுக்கு நம்ம ஊரே சாட்சி. 2011-ல் நோக்கியா, விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தது. 2013 வாக்கில் உலகத்தில் விற்ற விண்டோஸ் போன்களில் பெரும்பாலானவை நோக்கியாவுடையவை. அந்த ஒரு கால் உடைஞ்சா மொத்தக் கட்டிலும் சாஞ்சுடும். அதனால 2013 செப்டம்பரில், சுமார் 720 கோடி டாலருக்கு நோக்கியாவின் போன் தொழிலையே வாங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2014 ஏப்ரலில் கை மாறியது. ஜூலையில் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு, அதில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். 2015-ல் எழுதின நஷ்டம் 760 கோடி டாலர். அறிவித்த விலையை விட அதிகம்!

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை இந்த விற்பனையில் சேரவே இல்லை. வருமான வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் கை மாற்ற முடியவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தமும் முடிய, 2014 நவம்பர் 1-ம் தேதியோட உற்பத்தி நின்றது. வரித் தகராறு ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆனா வாங்கினவருக்கே அந்தப் போன்கள் வேண்டாத சுமையாகிட்டப்ப, ஆலையை யார் காப்பாத்துவாங்க? பஸ் பிடிச்சு ஷிப்டுக்குப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைங்க, அதில் பெண்கள் நிறைய, இருபத்தஞ்சு வயசுக்குள்ளயே "முன்னாள் ஊழியர்" ஆனாங்க. 2019-ல் அந்த ஆலையை சால்காம்ப் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கிற கம்பெனி அது!

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பெரியவங்க சொன்னது காசுக்காக மட்டும்னு எனக்குத் தோணலை. காசு போட்டவன் நஷ்டத்தை ஒரு காலாண்டில் எழுதித் தீர்த்துடறான். ஸ்ரீபெரும்புதூர்ல வேலை போனவங்க எந்தக் கணக்குல எழுதுறது? நீங்களே சொல்லுங்க.